டீ நேரத்தில் கேட்ட வைத்தியம்

மாதவிலக்கு நின்று ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. ஒரு காலை, குருசுக்குப்பத்திலிருந்து வந்த நோயாளிக்கு ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்த ஈரத்தை உணர்ந்தேன். கழிவறையில் போய்ப் பார்த்தேன். சிறு கறை. கை கழுவிவிட்டு அடுத்தவரை அழைத்தேன்.

நான் பொது மருத்துவர். எங்கள் மருத்துவமனையின் மகளிர் மருத்துவர் லூர்து அக்கா. நான் மிகவும் மதிப்பவர். நடுவயதுப் பெண்களின் தூக்கமின்மையை, திடீர் வெப்பத்தை, காரணம் தெரியாத அழுகையை வயதின் கோளாறு என்று ஒதுக்கமாட்டார். "நின்ன பிறகு ஒரு சொட்டு பட்டாலும் நான் படுக்க வெச்சிப் பாக்கணும்" என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருப்பார்.

மருத்துவர்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. சக மருத்துவரிடம் சீட்டு போட்டு வரிசையில் உட்காரமாட்டோம். டீ குடிக்கும்போது கேட்டுக்கொள்வோம். அதை மரியாதை என்றே நினைத்திருந்தோம்.

"அக்கா, எனக்கு நின்னது திரும்ப கொஞ்சம் பட்டுது."

"தூங்கறியா நீ? ஓடிக்கிட்டே இருந்தா எப்டி?" பிஸ்கட்டை டீயில் நனைத்தார். "அடங்கிடும். திரும்ப பட்டா சொல்லு."

"உங்க பேஷண்டா இருந்தா படுக்க வெச்சிருப்பீங்க."

"நீ பேஷண்டா? போடி. வெளிய உழவர்கரை ஊர்ல பாதி உக்காந்திருக்கு."

சிரித்தோம்.

திரும்பவும் பட்டது. திரும்பவும் டீ நேரத்தில்தான் சொன்னேன். மழைக்காலம் போய் வெயில் வந்தது. ரத்தத்தில் சேலை நனைந்த நாளில்தான் அக்கா கதவைச் சாத்தி என்னைப் படுக்க வைத்தார். பரிசோதித்த கை பாதியில் நின்றது. ஒரு மருத்துவரின் கை அப்படி எப்போது நிற்கும் என்று எனக்குத் தெரியும்.

பயாப்ஸி (சதைத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது) கருப்பையின் உட்படலத்தில் புற்று என்றது. ஸ்கேனில் அது கருப்பையைத் தாண்டியிருந்தது.

"டாக்டரே இவ்ளோ லேட்டா வந்தா எப்டிங்க மேடம்?" என்றார் புற்றுநோய் மருத்துவர்.

என் கணவர்தான் பதில் சொன்னார்: "அவ தெனமும் ஆஸ்பத்திரியிலதான் சார் இருந்தா."

கருப்பையை எடுத்தார்கள். பிறகு கீமோ (புற்றணுக்களைக் கொல்லும் மருந்தை ரத்தக் குழாயில் ஏற்றுவது). முடி போய், திரும்ப முளைத்தது. அது முளைத்த மாதத்திலேயே நுரையீரலில் புள்ளிகள் தெரிந்தன. இனி நோயைத் தள்ளிப்போட மட்டுமே மருந்து.

இதைப் படிக்கும் மருத்துவரும் செவிலியரும் தயவுசெய்து சீட்டு போட்டு உட்காருங்கள். படுக்க வைத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

என் உடல் இப்போது நான் கவனிக்க வேண்டிய ஒரு நோயாளி. விழித்ததும் கழுத்து, அக்குள், வயிறு என்று தொட்டுப் பார்க்கிறேன். கிழமைகள் மறந்துவிடுகின்றன. ஒரு ஸ்கேனுக்கும் அடுத்த ஸ்கேனுக்கும் நடுவே இருப்பதுதான் காலம்.

ஞாயிறு பூசை முடிந்து லூர்து அக்கா வருவார். என் மணிக்கட்டைப் பிடித்து வெகுநேரம் நாடி பார்ப்பார். அதில் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை என்பது இருவருக்கும் தெரியும். என் கணவர் டீ கொண்டுவந்து வைப்பார். அக்கா அதைத் தொடுவதில்லை. ஆடை படிந்து அது ஆறிப்போகும்வரை கையை விடுவதும் இல்லை.