சாவடியில் நான் சொல்லாதது

கருப்பையாவின் வலது கால் போனதற்குக் காரணம் பாறையல்ல. நான்.

பாறை அவன் காலை நசுக்கியது உண்மை. ஆனால் காலை எடுக்க வேண்டி வந்தது நசுங்கியதால் மட்டுமல்ல, நேரம் போனதால். அந்த நேரத்தைப் போக்கியவன் நான்... தெரிந்தே போக்கினேன்.

இதை இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. என் மனைவிக்குக்கூடத் தெரியாது. உங்களிடம் சொல்வது மன்னிப்புக்காக அல்ல. மன்னிக்க வேண்டியவர் நீங்கள் இல்லையே!

எண்பதுகளின் நடுப்பகுதி. எமிரேட்ஸின் அல் ஐனில் ஒரு கட்டடக் கம்பெனியின் தொழிலாளர் கேம்பில் நான் டைம்கீப்பர். அதற்கு முன் யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் பிழை திருத்துபவனாக இருந்தேன். எந்தத் தாளைக் கண்டாலும் முதலில் தவறைத் தேடும் கண் எனக்கு அங்கே வாய்த்தது. என் தவறை மறைக்கவும் அதே கண்தான் உதவியது.

கேம்பில் என் வேலை பதிவேடு. வெள்ளிக்கிழமை விடுமுறையில் யார் உள்ளே, யார் வெளியே என்று காலையிலேயே எழுதிவிட வேண்டும். ஊர் எல்லையைத் தாண்டிப் போகிறவன், கேம்பை நடத்தும் மேற்பார்வையாளரான கேம்ப் பாஸிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். எல்லோருடைய பாஸ்போர்ட்டுகளும் கம்பெனியின் இரும்பு அலமாரியில் கிடந்தன. எங்கள் சட்டைப்பையில் இருந்தது லேபர் கார்டின் நகல் மட்டும்.

கருப்பையா புதுக்கோட்டைப் பக்கத்துக் கொத்தனார். இருபத்தெட்டு வயது. என்னைப் 'பேப்பர்காரரே' என்றுதான் கூப்பிடுவான். காரியம் ஆக வேண்டுமென்றால் 'அண்ணே'. மலைக்குள் ஓர் ஓடையின் மேல் பாறையே பாலமாக வளைந்து நிற்கிறது என்று ஒரு பாகிஸ்தானி லாரி டிரைவர் அவனிடம் சொல்லியிருந்தான். அன்றிலிருந்து அவனுக்கு அதே பேச்சு.

"சென்ட்ரிங் அடிக்காம, கலவை போடாம, ஒரு ஆர்ச்சு எப்புடிண்ணே நிக்கும்? பாத்துட்டு வந்துருவோம். பொழுது சாயுறதுக்குள்ள ரூமுக்கு வந்துரலாம்."

"சீட்டுக் கேட்டால் தர மாட்டினம், கருப்பையா."

"பதிவேடு யாரு கையில இருக்கு? எங்க பேப்பர்காரரு கையிலதான!"

அந்த வெள்ளிக்கிழமை விடிந்ததும் பதிவேட்டைத் திறந்தேன். என் பெயருக்கு நேரே 'உள்ளே' என்று எழுதினேன். அவன் பெயருக்கு நேரேயும் 'உள்ளே' என்று எழுதினேன். பிறகு கம்பெனி பிக்கப்பை எடுத்தேன். சாவி என் மேசையில்தான் இருக்கும்.

மலையடிவாரத்தில் ஒரு போலீஸ் சாவடி. கம்பெனி வேலையாக நான் தனியே போவதுபோலத் தெரிய, அதைத் தாண்டும்போது கருப்பையா பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் படுத்துக்கொண்டான். போலீஸ்காரர் கையசைத்து விட்டுவிட்டார். கொஞ்ச தூரம் போனதும் தார்ப்பாய் குலுங்கியது. உள்ளே சிரித்துக்கொண்டிருந்தான்.

அதற்கு அப்பால் எங்கே எமிரேட்ஸ் முடிகிறது, எங்கே ஓமான் தொடங்குகிறது என்று யாரும் கோடு போட்டு வைத்திருக்கவில்லை. பாஸ்போர்ட் இல்லாத இருவர் இன்னொரு நாட்டுக்குள் நிற்கிறோமோ என்ற எண்ணம் வண்டியை நிறுத்தியபோதே வந்தது. நான் அதை அவனிடம் சொல்லவில்லை.

ஏழரைக்கு நடக்கத் தொடங்கினோம். இருபுறமும் செங்குத்தான பழுப்புச் சுவர்கள். அடியில் உருண்டைக் கற்கள், இடையிடையே பச்சை நீர்க் குட்டைகள். குரல் கொடுத்தால் அதே குரல் கொஞ்சம் தாமதித்து வேறு யாருடையதோ போலத் திரும்பி வந்தது. பறவை ஒன்றுகூட இல்லை. ஒன்பதேகாலுக்குப் பாலம் தெரிந்தது.

என்ன சொல்ல... அது பாலமேதான்! ஒரு கரையிலிருந்து எழுந்து மறுகரையில் இறங்கிய ஒற்றைப் பாறை. நீளம் முப்பது அடி இருக்கும். நடுவில் அதன் கனம் ஓர் ஆளின் உயரம்கூட இல்லை. அடியில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு நான் இரண்டடி பின்வாங்கினேன். கருப்பையாவோ வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

"யப்பா! இத வேற யாராச்சும் கட்டியிருந்தா இஞ்சினியரு இடிக்கச் சொல்லிருப்பான்ணே."

"பாத்தாச்சுத்தானே? வாரும், போவம்."

"இருங்கண்ணே. இது கரையில எங்க உக்காந்துருக்குன்னு பாத்துட்டு வந்துர்றேன்."

வளைவு கரையைத் தொடும் இடம்தான் ஒரு கொத்தனாருக்கு முக்கியம். பாரம் முழுவதும் அங்கேதான் இறங்கும். அங்கே உடைந்த கற்கள் சரிந்து குவிந்திருந்தன. அவன் அதன் மேல் ஏறி, பாறையை விரல் கணுவால் தட்டிப் பார்த்தான். இரண்டாவது தட்டலுக்கு முன் காலடிக் குவியல் நகர்ந்தது.

சத்தம் பெரிதாக இல்லை. ஒரு மூட்டை அரிசி இறக்கியது போல. அவ்வளவுதான்.

அவன் காலின் மேல் கிடந்த கல்லை இரண்டு கைகளாலும் தோளாலும் தள்ளிப் புரட்டினேன். முழங்காலுக்குக் கீழே கால் தவறான பக்கம் திரும்பியிருந்தது. இரத்தம் அதிகமில்லை. பாதம் மட்டும் வெளுத்திருந்தது. தொட்டேன். குளிர்ந்திருந்தது. மணி ஒன்பதே முக்கால்.

அவனை நிழலுக்கு இழுத்து, தண்ணீர்க் கேனைப் பக்கத்தில் வைத்தேன்.

"நீர் அசையாதையும். நான் ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாறன்."

அவன் என் சட்டையைப் பிடித்தான். வலியில் பல் கிட்டியிருந்தது.

"அண்ணே... உங்க பேரு வராது. நான் தனியா லாரி புடிச்சு வந்தேன்னு சொல்லிக்கிறேன். உங்களால ஊருக்குப் போக முடியாதுல்ல. நீங்க மட்டும் சீக்கிரம் போங்க."

கவனியுங்கள். என்னைக் காப்பாற்றுவதை அவன்தான் முதலில் நினைத்தான். எனக்கு அந்த யோசனை வந்திருக்கவில்லை... அதுவரை.

ஓடையில் விழுந்து எழுந்து ஓடினேன். பிக்கப்பை எட்டியபோது பதினொன்றேகால். சாவடியை எட்டியபோது பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம்.

சாவடியில் ஒரு போலீஸ்காரர் இருந்தார். காலையில் இருந்தவர் அல்ல. இளையவர், மெல்லிய மீசை. மேசையில் வயர்லெஸ் இருந்தது. அதன் சிறிய சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வெளியே ஒரு ஜீப் நின்றது. எனக்கு வேண்டியது அனைத்தும் பத்தடி தூரத்தில்!

என் சட்டையில் இருந்த மண்ணைப் பார்த்துவிட்டு அவர் வண்டி அருகே வந்தார்.

"ஃபீ முஷ்கில்?" ஏதாவது பிரச்சினையா?

வாயைத் திறந்தேன். அந்தக் கணத்தில் எனக்குத் தெரிந்தது கருப்பையாவின் கால் அல்ல. பதிவேடு. என் கையெழுத்தில், நீல மையில், இரண்டு 'உள்ளே'. சீட்டில்லாத பயணம், கேட்காமல் எடுத்த வண்டி, எந்த நாடென்று தெரியாத மலை. விசா கேன்சல். கொழும்புக்கு விமானம். அங்கிருந்து வடக்கே போகும் வழியெல்லாம் தடுப்புகள், இறக்கி நிறுத்தப்பட்ட பஸ்கள்... அந்த ஆண்டுகளில் என் வயது ஆண்கள் அந்த வழியில் காணாமல் போய்க்கொண்டிருந்தார்கள்.

"மாஃபி முஷ்கில்," என்றேன். ஒரு பிரச்சினையும் இல்லை.

அவர் கையசைத்தார். நான் போய்விட்டேன்.

பயம் என்று இதைச் சொல்லலாமா? அன்று பயந்தேன், உண்மைதான். ஆனால் பயந்தவனுக்குக் கை நடுங்கும் அல்லவா? என் கை நடுங்கவில்லை. கியர் சரியாக மாற்றினேன். வேகத்தைக்கூடக் கவனித்து ஓட்டினேன்!

ஒரு மணிக்குக் கேம்ப். எல்லோரும் சாப்பாட்டில். அலுவலகத்தைத் திறந்து பதிவேட்டின் அந்தப் பக்கத்தை மெதுவாகப் பிரித்தெடுத்தேன். புதிய தாளில் நூற்றுப் பன்னிரண்டு பெயர்களையும் மீண்டும் எழுதினேன். என் பெயருக்கு நேரே 'உள்ளே'. கருப்பையாவின் பெயருக்கு நேரே, 'அனுமதியின்றி வெளியே'. பழைய மையின் நிறத்துக்குப் பொருந்துகிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பொருந்தியது. அதற்கு ஐம்பது நிமிடம் ஆனது.

பிறகு காத்திருந்தேன். ஆம், காத்திருந்தேன். கேம்ப் பாஸ் வெள்ளிக்கிழமை மூன்று மணிவரை தூங்குவார். எழுப்பினால், எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். மலைப்பக்கம் ஒரு கறுத்த மேகம் ஏறிக்கொண்டிருந்தது. அங்கே மழை விழுந்தால் ஓடையில் நிமிடங்களில் வெள்ளம் வரும். அவன் ஓடையின் அடியில் கிடந்தான்... நான் படியில் உட்கார்ந்து அந்த மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதைத்தான் உங்களால் நம்ப முடியாது. என்னாலும் முடியவில்லை.

மேகம் கலைந்தது. மூன்றேகாலுக்குக் கேம்ப் பாஸ் எழுந்து வந்தார். மலையாளி. கருப்பையா காலையில் கல் பாலம் பார்க்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தான், இன்னும் காணோம் என்றேன்.

"அவன் வரும்டோ. நீ சாயா குடிக்கு."

"இல்லை சேர்... எனக்குப் பயமாயிருக்கு."

அன்று நான் பேசிய ஒரே உண்மை அது.

போலீஸ் ஜீப்பில் வழிகாட்ட என்னையே ஏற்றினார்கள். அவன் சொன்ன வழி அடையாளங்களைக் கேட்டவன் நான்தானே. சாவடியில் ஆள் மாறியிருந்தது. மலைக்குள் வழி இரண்டாகப் பிரியும் இடத்தில் தெரியாதவன் போல நின்றேன். வேண்டுமென்றே தவறான பக்கம் கொஞ்ச தூரம் நடத்திச் சென்று, பிறகு திருப்பினேன். அதில் இன்னும் கால் மணி நேரம்.

அவன் உயிரோடு இருந்தான். என்னைப் பார்த்தும் தெரியாதவன் போல முகத்தைத் திருப்பிக்கொண்டான். சொன்ன சொல்லைக் காப்பாற்றினான்.

"மத்தியானமே கொண்டுவந்திருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கலாம்" என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேம்ப் பாஸிடம் சொன்னார். நான் அருகில் நின்று தலையசைத்தேன்.

ஒரு வாரம் கழித்துத் தனியாகப் போனேன். கருப்பையா என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நீங்க ஓடலைன்னா அங்கயே காஞ்சு கருவாடாயிருப்பேன்ணே," என்று சிரித்தான். போர்வை ஒரு பக்கம் தட்டையாக இருந்தது.

அனுமதியின்றி வெளியே போனவன் என்பதால் கம்பெனிக்குப் பொறுப்பில்லை என்று முடிவாயிற்று. ஆதாரம் என் பதிவேடு. ஒன்றரை மாதத்தில் விசாவைக் கேன்சல் செய்து அவனை ஊருக்கு அனுப்பினார்கள்.

விமான நிலையத்துக்குப் போகும் வேன் கேம்ப் வாசலில் நின்றது. அவனைத் தூக்கி இருக்கையில் வைத்தது நானும் இன்னொருவரும்தான். மற்றவர் அவனுடைய ஊன்றுகட்டைகளை எடுத்துவர உள்ளே போனார். வேன் கதவு திறந்திருந்தது.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு மத்தியானம் அந்த செக்போஸ்ட்டுல ஆளு இருந்துச்சா?"

"இல்லை. தொழுகைக்குப் போயிருப்பினம்."

அவன் காலியான கால்சட்டைப் பக்கத்தை மடித்துச் செருகினான்.

"ஆஸ்பத்திரிக்கு வந்த போலீஸ்காரருட்ட கேட்டேன்ணே. ஒருத்தரு தொழப் போனா ஒருத்தரு இருப்பாராம். அங்க ஆளில்லாம இருக்கவே இருக்காதாம்."

குரலில் கோபம் இல்லை. ஒரு சுவர் எங்கே சாய்ந்திருக்கிறது என்று சொல்லும்போது அவன் பேசுவது அப்படித்தான் இருக்கும்.

அவனுக்குத் தெரிந்திருந்தது. எத்தனை நாளாகத் தெரிந்திருந்தது? தெரிந்தும் ஏன் ஒருவரிடமும் சொல்லவில்லை? வாக்குக் கொடுத்ததாலா, அல்லது நானே சொல்வேன் என்று அவ்வளவு நாளும் காத்திருந்தானா?

அவன் என் முகத்தைப் பார்த்தான். டிரைவர் இன்னும் ஏறவில்லை. கட்டைகள் இன்னும் வரவில்லை. சொல்ல நேரம் இருந்தது... நிறையவே இருந்தது.

"கவனமாப் போம், கருப்பையா," என்றேன்.

அவன் அதற்கும் தலையாட்டினான்.