பழகீடும் என்ற சொல்

கால் முறிந்து ஐந்து மாதம் கழித்து நான் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிய அன்று, வாசல் காவலாளியிலிருந்து சங்கீத ரீச்சர் வரைக்கும் எல்லோரும் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள். "பழகீடும் ரீச்சர்." யாரும் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அதனால்தான் பதில் சொல்லவும் முடியவில்லை.

நான் மானிப்பாயில் இருக்கிறேன். இருபத்தாறு வருடமாக விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். போன மாரியில் சைக்கிளில் சந்தைக்குப் போனபோது பின்னால் வந்த மோட்டார் சைக்கிள் என்னை அடித்து விழுத்திவிட்டது. இடது காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் உடைந்தது. தகடு வைத்துப் பொருத்தினார்கள். பொருந்தியபோது அந்தக் கால் மற்றதைவிடக் கொஞ்சம் கட்டையாகிவிட்டது. சமதரையில் கைத்தடியோடு நடப்பேன். படி ஏறுவதுதான் பாடு.

என்னுடைய வகுப்புகள் மேல்மாடியில். இருபத்துநான்கு படிகள். ஒரு நாளைக்கு மூன்று தரம் ஏறி இறங்கவேண்டும். கீழே ஒரு அறை தரமுடியுமா என்று அதிபரிடம் கேட்டேன். அவர் நல்ல மனிதர். எழும்பி நின்று எனக்குக் கதிரை இழுத்துப் போட்டார்.

"கீழை எல்லாம் சின்ன வகுப்புகள் ரீச்சர். மாத்தினால் எந்தப் பாடம் எப்ப எண்ட நேரசூசி முழுக்கக் குழம்பும். கொஞ்சநாள் ஏறிப் பாருங்கோ. பழகீடும்."

ஏறிப் பார்த்தேன். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, நல்ல காலை முதலில் வைத்து, மற்றதை இழுத்து. மேலே போய்ச் சேரும்போது சேலை வியர்வையில் நனைந்திருக்கும். பிள்ளைகள் வாங்கில்களில் இருந்தபடி சத்தமில்லாமல் காத்திருப்பார்கள். அவர்களுடைய அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு மாதம் போயிற்று. கால் பழகவில்லை, வீங்கியது.

ஒரு பின்னேரம் அம்மா சுடுதண்ணீரில் துணி நனைத்து என் காலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தார். அம்மா மயிலிட்டிக்காரி, கடற்கரை ஊர். சண்டைக்காலத்தில் எங்களையும் இழுத்துக்கொண்டு வெளிக்கிட்டு, வாடகை வீடு வாடகை வீடாக மாறி, கடைசியில் மானிப்பாயில் தங்கியவர். சின்ன வயதில் எனக்கு அந்தச் சொல்லை அதிகம் சொன்னதும் அவர்தான். வேறு பள்ளிக்கூடம், வேறு ஆட்களின் கிணறு, கடல் சத்தம் கேட்காத இரவு, எல்லாவற்றுக்கும் அதே பதில். இப்போதும் அதைத்தான் சொல்லப்போகிறார் என்று நினைத்து நானே முந்திக்கொண்டேன்.

"பழகீடும் எண்டு சொல்லப்போறியள், என்னம்மா?"

அவர் துணியைப் பிழிந்தார். "நான் பழகினனான் எண்டு ஆர் உனக்குச் சொன்னது?"

"முப்பது வருசமா இஞ்சைதானே இருக்கிறியள்."

"போக இடமில்லாமல் இருந்தனான் பிள்ளை. அதுக்குப் பேர் பழகிறதே? உங்களுக்கு அழுகை வரக்கூடாதெண்டு அப்பிடிச் சொன்னனான்."

இத்தனை வருடமும் அம்மாவைப் பற்றித் தப்பாக நினைத்திருந்தேன் என்ற வெட்கமும், அவரை அப்படிச் சொல்லவைத்தவர்கள் எல்லோர்மீதும் கோபமும் ஒன்றாக வந்தன.

அடுத்த திங்கட்கிழமை நான் மேலே ஏறவில்லை. மாடிப்படிக்குப் பக்கத்தில் உடைந்த கதிரைகளைப் போட்டுவைத்திருந்த அறையைத் திறப்பித்து, பத்தாம் வகுப்பைக் கீழே வரச்சொன்னேன். பிள்ளைகள் தூசி தட்டி, நிலத்திலும் யன்னல் விளிம்பிலும் இருந்தார்கள். அன்றைய பாடம் இசைவாக்கம், உயிரினங்கள் தாம் வாழும் சூழலுக்கு ஏற்றபடி அமைந்துவருவது. ஒட்டகத்தின் பாதம், கள்ளியின் முள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவந்தபோது ஒரு பெண்பிள்ளை எழும்பினாள்.

"ஒட்டகம் பாலைவனத்துக்குப் போய்ப் பிறகு பழகினதோ ரீச்சர்?"

"இல்லை. ஒரு ஒட்டகம் தன்ரை ஆயுளுக்குள்ளை இசைவாக்கம் அடையிறேல்லை. தாங்கேலாதது செத்துப்போகும். தாங்கினது குட்டி போடும். அப்பிடிக் கனக்கத் தலைமுறை போகவேணும்."

சொல்லி முடித்தபோது அதிபர் வாசலில் நின்றார். எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியாது. என்னை வெளியே கூப்பிட்டார்.

"என்ன ரீச்சர் இது? ஆரைக் கேட்டு இந்த அறையைத் திறந்தனீங்கள்?"

"உங்களைத்தான் சேர் கேட்டனான். ரெண்டு மாதத்துக்கு முன்னம்."

"எல்லாரும் இப்பிடி ஒவ்வொண்டு கேட்டால் நான் என்ன செய்யிறது?"

"கேக்கட்டும். கேட்டால் பாருங்கோ. நான் இனி ஏறமாட்டன்."

"அப்ப நான் வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுதவேண்டி வரும்."

"எழுதுங்கோ சேர். நானும் எழுதிறன்."

எழுதினேன். வைத்தியர் எழுதித் தந்த துண்டையும் இணைத்து, இரக்கம் கேட்கிற ஒரு வசனமும் வராமல் பார்த்துக்கொண்டேன். மூன்று கிழமைக்குப் பிறகு ஒரு அதிகாரி வந்தார். படிகளை எண்ணினார், அறையைப் பார்த்தார், அதிபரோடு தேநீர் குடித்தார். ஏழாம் வகுப்பை மேலே அனுப்பிவிட்டு அவர்களுடைய அறையை எனக்குத் தந்தார்கள். மாடிக்குப் போனதில் ஏழாம் வகுப்புக்குப் பெருமை. நேரசூசி குழம்பவில்லை, இரண்டு கோடு மாற்றியதோடு சரி.

ஆசிரியர் அறையில் சிலர் முகம் திருப்பினார்கள். "அவவுக்குத் தனிச்சட்டம்" என்று என் காதில் விழும்படி கதைத்தார்கள். அது நோகவில்லை என்று சொல்லமாட்டேன். இருபது வருடம் ஒன்றாகச் சாப்பிட்டவர்கள்.

இந்தப் பள்ளித் தவணை தொடங்கி இரண்டாம் நாள், கணக்குப் படிப்பிக்கிற இளம் ரீச்சர் ஒருவர் என் மேசைக்கு வந்தார். ஏழு மாதக் கர்ப்பிணி. குரலைத் தாழ்த்தி, "அக்கா, எனக்கும் மேல் வகுப்புத்தான். மூச்சு வாங்குது. கேட்டால் ஏதும் நினைப்பினமோ?" என்றார்.

"நினைப்பினம். வாங்கோ, இப்பவே போவம்" என்று கைத்தடியை எடுத்தேன். இருவரும் மெதுவாக நடந்து அதிபரின் அறைக்குப் போனோம். எங்களைக் கண்டதும் அவர் எதுவும் கேட்காமல் நேரசூசியை எடுத்து மேசையில் விரித்தார்.