நங்கூரம் போட்ட பிளசர் கார்

வாடகைக் கார் வைத்திருக்கும் வீட்டில் கார் ஒன்றுதான் நிம்மதியாகத் தூங்கும். பழைய கார் வைத்துக் காலம் தள்ளியவர்கள் யாராவது இதைப் படித்தால், ‘ஆமாம்மா’ என்று ஒரு பெருமூச்சு விடுவார்கள்.

பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் குப்பம். முகத்துவாரத்தில் படகு புரண்டு எங்க வீட்டுக்காரருக்குத் தோள் எலும்பு விலகிய பிறகு அவரால் வலை இழுக்க முடியவில்லை. படகில் இருந்த பங்கை விற்று ஒரு பழைய கறுப்பு பிளசர் கார் வாங்கினார். கல்யாணம், பிரசவம், பொன்னேரி ஆஸ்பத்திரி, எறா என்று நாங்கள் சொல்லும் இறால் கூடை எல்லாம் அதில்தான் போகும். எங்கள் பிள்ளைகளின் சோறும் அதில்தான் வரும். அது போனால் எங்களுக்கு வேறு கதியில்லை. அதன் கதவோ, எங்கள் டிரங்குப் பெட்டிச் சாவிக்குக்கூடத் திறந்துகொள்ளும்.

எழுபதுகளில் ஒருநாள், ஆரம்பாக்கத்தில் ரோட்டோரம் நின்ற காரை யாரோ ஆந்திரா பக்கம் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்று பேச்சு வந்தது. அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. செபமாலை உருட்டும்போது பாதியில் எழுந்து வாசலை எட்டிப் பார்ப்பேன். மாதா மன்னிப்பார். கார் நிற்கிறதா என்று தெரிய வேண்டாமா?

நங்கூரம்

எங்க வீட்டுக்காரருக்குத் தெரிந்த பாதுகாப்பு ஒன்றுதான். படகு நின்ற இடத்தில் நிற்க வேண்டுமென்றால் நங்கூரம். காருக்கும் அதையே செய்தார். கயிற்றின் ஒரு முனையைக் காரின் பின்பக்க அச்சில் கட்டி, மறுமுனையில் பழைய படகு நங்கூரத்தைக் கட்டி, மணலில் ஆழமாகப் புதைத்துவிட்டார். ஹேண்ட் பிரேக்கும் பிடிக்காத கார். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று அவருக்குச் சந்தோஷம்.

ஒரு கல்யாணத்தன்று மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு அவசரமாகக் கிளப்பினார். கார் உறுமியது, நகரவில்லை. இன்னும் அழுத்தினார். மணலைப் பிய்த்துக்கொண்டு நங்கூரம் பின்னாலேயே கிளம்பி, பக்கத்து வீட்டார் கருவாடு காயப் போட்டிருந்த வலையையும் வாரிக்கொண்டு வந்தது. நெத்திலி நாலாபக்கமும் பறந்தது. நான் கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். மாப்பிள்ளை கழுத்து மாலையைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியே தலையை நீட்டிச் சொன்னார்: “அண்ணே, நான் கண்ணாலத்துக்குப் போறேன், மீன் புடிக்க இல்ல. வலைய வுட்டுட்டு வா!”

கிளிஞ்சல் மாலை

நங்கூரத்தைக் கைவிட்ட பிறகு நான் ஒரு யோசனை செய்தேன். கிளிஞ்சல்களை ஓட்டை போட்டு, நடுநடுவே டப்பா மூடிகளையும் சேர்த்து, வலை நூலில் கோத்து நான்கு கதவுகளின் உள்பக்கமும் தொங்கவிட்டேன். யார் கதவைத் தொட்டாலும் சலசல என்று சத்தம் வரும்.

சத்தம் வந்தது. ஏரிக்காற்று தொட்டாலும் வந்தது, கோழி ஏறினாலும் வந்தது. அடுப்பில் குழம்பை விட்டுவிட்டு ஓடுவேன், காற்று. தலை வாருவதை விட்டுவிட்டு ஓடுவேன், கோழி. பழவேற்காட்டு டவுனில் துணிக்கடை வைத்திருந்த ஒரு பாய் ஒருநாள் பொன்னேரிக்கு வாடகை பேசி ஏறினார். போகிற வழியெல்லாம் அந்தச் சத்தம். திரும்பி வந்து இறங்கியதும் காதைத் தேய்த்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: “தங்கச்சி, இத எவனும் திருட மாட்டான். திருடுனாலும் அவனே கொணாந்து உட்டுட்டு, காது வலிக்கு இன்னா மருந்துன்னு உன்னியே கேப்பான்.”

முடிச்சு

அடுத்து ஸ்டியரிங்குக்குச் சங்கிலியும் மெட்ராஸில் வாங்கிய பூட்டும் போட்டோம். உப்புக்காற்றில் பூட்டு துருவேறி, சாவி உள்ளேயே முறிந்தது. சங்கிலியை அறுத்துப் போட்டுவிட்டு, ஸ்டியரிங்கையும் கிளட்ச் பெடலையும் சேர்த்து நைலான் கயிற்றால் நானே கட்டினேன். எங்க நைனா வலைக்குப் போடுகிற முடிச்சு அது. இழுக்க இழுக்க இறுகும்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்து பார்த்தால் வாசலில் கார் இல்லை. முக்காட்டோடே ஓடினேன். தேடினால், கொஞ்ச தூரம் தள்ளிப் பூவரச மரத்தடியில் நிற்கிறது. கயிறு கட்டியபடியே இருக்கிறது, ஆனால் அது என் முடிச்சு இல்லை. அதை அவிழ்க்க எனக்கு நகம் பெயர்ந்தது. பக்கத்து வீட்டு மரியான் சாவகாசமாக வந்தான். “உன் காரு நெயலு என் கருவாட்டு மேல வியுந்துச்சிக்கா, தள்ளி வெச்சேன். குப்பத்துல வந்து முடிச்சி போட்டு வெச்சா, அவுக்காம இன்னா பண்ணுவாங்க? உன்னுது லூசா கீதுன்னு நல்லாவே கட்டி வெச்சிட்டேன், பாரு.”

ரகசிய சுவிட்ச்

எண்பதுகளில் பொன்னேரி மெக்கானிக் ஒருவர் ஒரு வழி சொன்னார். ஒரு சின்ன சுவிட்சை மறைவாக வைத்துவிட்டால், அதைப் போடாமல் சாவியைத் திருகினால் வண்டிக்குக் கரண்ட் போகாது. டாஷ்போர்டுக்கு அடியில் வைத்தார். எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். எனக்குக் கொஞ்சம் மனசு அடங்கியது. எங்க வீட்டுக்காரருக்குத்தான் அடங்கவில்லை.

ஒரு மத்தியானம் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலில் சாய்ந்தார். வேர்வை கொட்டுகிறது, வாய் திறக்க முடியவில்லை. எங்கள் குப்பத்தில் லாரி ஓட்டுகிற யேசுதாஸ் லீவில் வந்திருந்தான். அவரைத் தூக்கிப் பின்சீட்டில் போட்டுவிட்டுச் சாவியைத் திருகினான். ஒன்றும் இல்லை. “எங்கியாவது சுவிட்ச் ஒளிச்சி வெச்சிக்கீறீங்களாக்கா?” என்றான். டாஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டேன். வெறும் ஓட்டை. மனுஷன் எனக்குக்கூடச் சொல்லாமல் இடத்தை மாற்றியிருக்கிறார்! அவர் உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. “மாதாவே, மாதாவே” என்று கத்துகிறேனே தவிர, கை எங்கெங்கோ அலைகிறது.

அப்போதுதான் முனியம்மா ஏரியிலிருந்து வந்துகொண்டிருந்தாள். கலங்கல் தண்ணீரில் உட்கார்ந்தபடி, சேற்றைக் கையால் தடவியே எறா பிடிக்கிறவள். சுவிட்சைத் தேடுகிறோம் என்று கேட்டதும் எறா பறிக்கூடையைக் கீழே போட்டுவிட்டு, ஈரப் புடவையோடு காருக்குள் தலையை விட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். டிரைவர் சீட்டுக்கு அடியில் விரல்கள் போயின. ‘டிக்’ என்றது. யேசுதாஸ் சாவியைத் திருகினான், வண்டி கிளம்பியது. பொன்னேரி போய்ச் சேரும்வரை அவர் கையை நான் விடவில்லை. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர்.

உடம்பு தேறி வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: “எப்பிடி முனியம்மா கண்டுபுடிச்ச?” அவள் சிரிக்கக்கூட இல்லை. “எறாவுக்காவது ஒளியறதுக்கு நாலு எடம் தெரியும்ணா. ஆம்பள எத ஒளிச்சாலும் தான் குந்தற எடத்துக்குக் கீயதான் வெப்பான்.”

எத்தனை வருஷம், எத்தனை பூட்டு. அத்தனையிலும் சிக்கிக்கொண்டு முழித்தது நாங்கள்தான், திருடன் புண்ணியவான் கடைசிவரை எங்கள் குப்பத்துப் பக்கம் எட்டியே பார்க்கவில்லை.