திரும்பி வரும் திகதி

எங்கள் கண்டி அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. பயணி சொன்ன விவரங்களை அவருக்கே ஒரு முறை சத்தமாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். பெயர், போகும் ஊர், போகும் திகதி, திரும்பி வரும் திகதி. அவர் "சரி" என்று வாயால் சொன்ன பிறகுதான் டிக்கெட் அடிக்கலாம். தலையாட்டினால் போதாது.

இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவர் எனக்குப் பக்கத்துக் கவுன்டரில் இருப்பவர். கெலிஓயாக்காரர், என்னைவிட ஏழு வயது மூத்தவர். முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்று கூப்பிடுவார்கள். வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே நானும் அவரை அப்படிக் கூப்பிடப் பழகிவிட்டேன். நான் வருவதற்கு முன், கலஹாப் பக்கத்திலிருந்து வெளிநாட்டு வேலைக்குப் போன ஒரு பெண்ணுக்கு அவர் மாதத்தை மாற்றி டிக்கெட் அடித்துவிட்டாராம். அந்தப் பெண் கட்டுநாயக்க விமான நிலையம் வரை போய், பெட்டியோடு திரும்பி வந்து, கவுன்டரில் நின்று ஒரு வார்த்தையும் திட்டாமல் அழுதிருக்கிறாள். "திட்டியிருந்தா மறந்திருப்பன்" என்பார் தாத்தா.

எனக்கு இந்த வழக்கம் முதலில் எரிச்சலாக இருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அம்மா மூன்றாம் வகுப்போடு கொழுந்து பறிக்கப் போனவர். அப்பா அந்த மூன்றும் இல்லை. நானோ ஆங்கிலத்தில் ஒரு பக்கத்தை ஒரே பார்வையில் வாசித்துவிடுவேன். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசை வீடுகளில் என்னை 'ப்ளேன் ஒபிஸ் புள்ள' என்பார்கள். அந்தப் பெயர் எனக்குப் பிடிக்கும். பிடிக்காது என்று பொய் சொல்ல மாட்டேன். அப்படிப்பட்ட நான் சின்னப் பிள்ளை பாடம் ஒப்பிப்பது போல எல்லாவற்றையும் திருப்பிச் சொல்ல வேண்டுமா என்று நினைத்தேன்.

எங்களுடையது சிறிய விமானக் கம்பெனி. கண்டியில் நாங்கள் நாலே பேர்: மெனேஜர் சேர், தாத்தா, நான், அலுவலக உதவிக்கு இருந்த சிங்கள மனிதர். அவரை எல்லோரும் மாமா என்போம். பயணிகளுக்கும் அவர் மாமாதான்.

ஒரு விமானக் கம்பெனி விழத் தொடங்கினால் அது கவுன்டரில்தான் முதலில் தெரியும். செவ்வாய்க்கிழமை சென்னைக்குப் போக வேண்டியவர்களை வியாழக்கிழமைக்கு மாற்றச் சொல்வார்கள். பிறகு வியாழனும் இல்லை என்பார்கள். நாலு விமானம் இரண்டானது. சம்பளம் மாதத்தில் இரண்டு துண்டாக வந்தது. இவ்வளவு நடந்தும் தாத்தா ஒரு பயணியைக்கூட வெறும் குறுஞ்செய்தியோடு விடவில்லை. ஒவ்வொருவருக்கும் தானே தொலைபேசி எடுத்து, அவரவர் மொழியில் மன்னிப்புக் கேட்டு, புதிய திகதியைச் சொன்னார். ஏசுகிறவர்கள் ஏசி முடிக்கும்வரை தேநீர் குடித்துக்கொண்டிருப்பார். கம்பளையிலிருந்து ஒருவர் கத்தியது என் கவுன்டர் வரை கேட்டது.

"ஒங்கட கம்பெனியில ப்ளேன் ஈக்கிதா, இல்ல வித்துச் சாப்பிட்டீங்களா?"

"ரெண்டு மிச்சம் ஈக்கிது நானா. ஒண்டு ஒங்களுக்கெண்டே வெச்சிருக்கோம். சனிக்கிழமை வாங்க."

முஸ்லிம் வீடுகளில் அண்ணனை நானா என்பார்கள். அந்த நானா சிரித்துவிட்டார். சனிக்கிழமை வரவும் வந்தார்.

கம்பெனி வங்குரோத்து, கடனை அடைக்க வழியில்லை என்ற செய்தி பத்திரிகையில் வந்தபோது எங்களுக்கு அது புதிதாக இல்லை. புதிதாக வந்தது அதற்கடுத்த மாதம் ஒரு திங்கட்கிழமை வந்த கடிதம். புதிய முதலீட்டாளர்கள் கம்பெனியை எடுக்கத் தயார். ஆனால் ஊழியர்கள் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கை விட்டுக்கொடுக்க வேண்டும், மற்றக் கொடுப்பனவுகளையும் விட வேண்டும். கம்பெனி நிமிரும்வரை இது தற்காலிக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை மதியத்துக்கு முன் சம்மதக் கையொப்பம் போடுபவர்கள், வேலையில் வைத்துக்கொள்ளப்படுபவர்களின் முதல் பட்டியலில் சேர்க்கப்படுவார்கள். ஐந்து பக்கம், ஆங்கிலத்தில், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மின்னஞ்சலில்.

நாலு பேரில் கடைசியாகச் சேர்ந்தவள் நான். ஆள் குறைத்தால் முதலில் போவது யார் என்று எனக்குத் தெரியும். அப்பா என் அலுவலக அட்டையின் படத்தைப் பெரிதாக்கி, லயத்து அறையான எங்கள் காம்பராவில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். அதைக் கழற்ற வேண்டிவருமோ என்று மட்டும்தான் யோசித்தேன். சோற்றுப் பார்சலைப் பிரிப்பதற்கு முன், தொலைபேசித் திரையிலேயே விரலால் கையொப்பம் போட்டு அனுப்பிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

அன்று வீட்டுக்குப் போனபோது அம்மா கொழுந்துக் கூடையின் கயிற்றை அவிழ்த்துத் திரும்ப முடிந்துகொண்டிருந்தார். வேலை போகாது, சம்பளம்தான் கொஞ்சம் குறையும் என்றேன்.

"கொஞ்சம்னா?"

"மூணுல ஒரு பங்கு."

"அடியாத்தே, அரைப்பேரா போட்டுட்டானுங்க?"

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் போடுவார்கள். கேட்ட நிறைக்குக் கொழுந்து இல்லையென்றால் அரைப்பேர், அரைநாள் சம்பளம்.

"அப்படித்தான் வச்சிக்கங்களேன்."

"எங்களுக்கு இன்னைக்கு அரைப்பேருன்னா நாளைக்கு நெறையப் பறிச்சி முழுப்பேர் வாங்கிருவோம். ஒங்களுக்கு எப்ப முழுப்பேரு?"

"கம்பெனி நல்லா வந்ததும்."

"அது எப்ப?"

நான் முகம் கழுவப் போனேன். தண்ணீர் சில்லென்று இருந்தது. ஐந்து பக்கங்களையும் மனதுக்குள் புரட்டினேன். எப்போது என்று எங்கேயும் இல்லை. அப்படி ஒரு வரி இருந்திருந்தால் நான் கண்டிருப்பேனா என்பதும் தெரியவில்லை. ஒரே பார்வையில் வாசிக்கிறவள்தானே நான்.

புதன்கிழமை காலை, கதவு திறப்பதற்கு முன் தாத்தாவிடம் சொல்லிவிட்டேன். ஏசுவார் என்று நினைத்தேன். அவர் கொம்பியூட்டரை உயிர்ப்பித்துக்கொண்டே கேட்டார்.

"எப்ப அடிச்ச?"

"திங்கக்கிழமை."

"அண்டைக்கு அடிச்ச டிக்கெட்டை அண்டைக்கே எண்டா சத்தமில்லாம ரத்துச் செய்யலாம். ரெண்டு நாள் போயிட்டே." கடவுச்சொல்லை அடித்தார். "பரவால்ல. ரத்துச் செய்ய ஏலாத டிக்கெட் எண்டு ஒண்டும் இல்ல. அபராதம் கட்டோணும், அவ்வளவுதான். கட்டுவியா?"

என்ன அபராதம் என்று தெரியாமலே கட்டுகிறேன் என்றேன்.

வியாழக்கிழமை முதலீட்டாளர்களின் ஆள் கொழும்பிலிருந்து வந்தார். என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கலாம். மரியாதையான மனிதர், நல்ல தமிழ் பேசினார். மெனேஜரின் அறையில் ஒவ்வொருவரையும் தனியாகப் பத்துப் பத்து நிமிடம் சந்திக்க வேண்டும் என்று பட்டியல் கொண்டுவந்திருந்தார். மெனேஜர் சேர் அவரைப் பார்த்து, "என் அறையில் ஏ.சி. வேலை செய்யவில்லை. கவுன்டருக்கே கதிரைகளை எடுத்துப் போடுகிறேன், எல்லோரும் அங்கேயே இருக்கலாம்" என்றார். ஏ.சி. நன்றாகத்தான் வேலை செய்தது. அவர் பொய் சொல்லி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

ஆகவே பயணிகள் நிற்கும் பக்கத்தில் கொழும்பு மனிதர் உட்கார்ந்தார். நாங்கள் எப்போதும் போல உள்பக்கம். தாத்தா கடிதத்தை அச்செடுத்து வைத்திருந்தார்.

"சேர், எங்கட ஒபிஸில ஒரு வழக்கம் ஈக்கிது. எதையும் திருப்பிச் சொல்லாம முடிக்க மாட்டோம். நான் வாசிக்கிறன். நீங்க சரியெண்டு சொல்லுங்க."

"தாராளமா" என்றார் அவர், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு.

தாத்தா ஒவ்வொரு பந்தியாக வாசித்தார். எங்களுக்குத் தமிழில், மாமாவுக்குச் சிங்களத்தில். வருகிற மாதம் முதலாம் திகதியிலிருந்து சம்பளம் குறையும், சரியா? சரி. ஓய்வுபெறும்போது கிடைக்கும் சேமலாப நிதியும் குறைத்த சம்பளத்தில்தான் கணக்கிடப்படும், சரியா? அவர் தலையாட்டினார். "வாயால சொல்லோணும் சேர்" என்றார் தாத்தா, கிழவர்களிடம் சொல்லும் அதே குரலில். "சரி" என்றார் அவர். அந்த நிதி விடயத்தையும் நான் வாசிக்கும்போது கவனிக்கவில்லை. மாமா ஒவ்வொரு பந்தி முடிவிலும் தானும் "ஹரி" என்று சிங்களத்தில் சரி சொல்லிக்கொண்டு, கண்ணை மூடி, விகாரையில் பிரித் ஓதக் கேட்பவர் போல இருந்தார்.

நாலாவது பக்கத்தில் தாத்தா நிறுத்தினார்.

"இதில தற்காலிகம் எண்டு போட்டிருக்கு. போற திகதி ஈக்கிது, முதலாம் திகதி. திரும்பி வாற திகதி எங்க சேர்?"

அவர் சிரித்தார். "கம்பெனி நிமிர்ந்த உடனே பழைய சம்பளம் வரும். இப்போதைக்கு ஓப்பன் டிக்கெட் என்று வச்சிக்கொள்ளுங்களேன்."

தாத்தா சிரிக்கவில்லை. "ஓப்பன் டிக்கெட்டுக்கும் செல்லுபடியாகும் காலம் எண்டு ஒண்டு ஈக்கிது சேர். ஒரு வருசம். அதுக்கு மேல திகதி இல்லாமத் தந்தா அது ஒருவழி டிக்கெட். ஒருவழி எண்டா ஒருவழி எண்டே எழுதுங்க. நாங்க யோசிச்சி முடிவெடுப்போம்."

மாமா கண்ணைத் திறந்தார். "அப்ப மாத்தயா, எங்கட சம்பளம் போற மட்டுந்தானா? வாற இல்லையா?"

கொழும்பு மனிதர் கெட்டவர் அல்ல; அவரிடம் கொடுத்தனுப்பிய கடிதத்தில் அதற்குப் பதில் இல்லை. கோப்பைத் திறந்து ஒரு தாளைப் பார்த்தார். பிறகு கொஞ்சம் குரல் மாறிச் சொன்னார்: "இந்த அலுவலகத்திலேயே ஒருவர் கையொப்பம் போட்டு அனுப்பியிருக்கிறார். அவருக்கு இதெல்லாம் பிரச்சினையாகத் தெரியவில்லை."

மெனேஜர் சேர் மாமாவைப் பார்த்தார். மாமா மெனேஜர் சேரைப் பார்த்தார். தாத்தா மட்டும் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்னைத் திரும்பிப் பார்த்திருந்தால் நான் அவருக்காக எழுந்ததாகிவிடும். அவர் பார்க்கவில்லை.

"அது நான்தான்" என்றேன். எழுந்து நின்றதே எனக்குப் பிறகுதான் தெரிந்தது. "அவசரத்துல போட்டுட்டேன். அதைத் திருப்பி எடுத்துக்கணும் சேர்."

"எடுத்தால் முதல் பட்டியலில் உங்கள் பெயர் இருக்காது. எனக்கு அதில் அதிகாரம் இல்லை. யோசித்துச் சொல்லுங்கள்."

அந்த ஒரு நிமிடத்தில் அப்பா மாட்டிய படம்தான் கண்ணுக்குள் நின்றது. பிறகு, 'அது எப்ப' என்று கேட்ட அம்மாவின் முகம். படத்தைக் கழற்றினால் ஆணி மிஞ்சும், அதில் வேறு எதையாவது மாட்டலாம். அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது? ஒரு தாளை எடுத்து என் சம்மதத்தை மீளப் பெறுகிறேன் என்று எழுதினேன். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டி, "சரியா சேர்?" என்றேன்.

"சரி" என்றார், வாயால்.

அவர் போனதும் மாமா எல்லோருக்கும் தேநீர் ஊற்றினார். என் கோப்பையில் மட்டும் இரண்டு கரண்டி சீனி அதிகம். தாத்தா அதற்குள் தொலைபேசியை எடுத்திருந்தார், மற்ற ஊர்க் கவுன்டர்களுக்கு. யாரையும் அவர் எதிர்க்கச் சொல்லவில்லை. "ஒரு கேள்வி மட்டும் கேளுங்க, திரும்பி வாற திகதி எப்ப எண்டு" என்று சொல்லிவிட்டு வைத்தார். அன்று மாலைக்குள் கட்டுநாயக்கவில் பெட்டி ஏற்றுகிறவர்கள்கூட அதைக் கேட்டார்களாம். வெள்ளிக்கிழமை மதியம் வந்தது, போனது. எங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு கையொப்பமும் போகவில்லை.

பதில் வரும்வரை இரண்டு வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை. தாத்தா வழக்கம்போலப் பயணிகளுக்குத் திகதி மாற்றிக்கொண்டிருந்தார். அவருக்கும் பயம் இருந்தது என்பதை ஒரு நாள் மட்டும் கண்டேன்: ஒரே பயணியின் விவரத்தை இரண்டு முறை திருப்பிச் சொன்னார். தலைமை அலுவலகத்தில் பெரிய பெரிய ஆட்கள் பேசிக் களைத்த ஒரு விடயத்தை, மூன்று கவுன்டர் அகலமுள்ள ஓர் இடத்தில், தான் தினமும் செய்யும் வேலையை மட்டும் வைத்துக்கொண்டு செய்தவர் அவர். இதுவரை நான் கண்ட படித்தவர்களில் அவரைத்தான் முதலில் வைப்பேன்.

புதிய கடிதம் வந்தது. குறைப்பு அதே மூன்றில் ஒரு பங்கு. ஆனால் பன்னிரண்டு மாதத்துக்கு மட்டும். அது முடியும் திகதி நாள், மாதம், ஆண்டு என்று எழுதப்பட்டிருந்தது. அதற்குப் பிறகும் குறைக்க வேண்டுமென்றால் எங்களிடம் மறுபடி கேட்க வேண்டும். மெனேஜர் சேரின் பெயர் புதிய பட்டியலில் இல்லை. வேலை செய்கிற ஏ.சி.யைப் பழுது என்று சொன்னதற்காகவா, வேறு எதற்காகவா, எங்களுக்குத் தெரியாது. போகும்போது ஒவ்வொருவரிடமும் கைகொடுத்துவிட்டு, ஏ.சி.யின் ரிமோட்டைத் தாத்தாவிடம் கொடுத்து, "இப்போது வேலை செய்யும்" என்றார். என் பெயர் பட்டியலின் கடைசி வரியில் இருந்தது. அடுத்த முறை ஆள் குறைத்தால் முதலில் நான்தான். முதல் பட்டியலை விட்டதற்கு நான் கட்டிய அபராதம் அது.

கையொப்பம் போடுவதற்கு முன் கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மாவும் அப்பாவும் எதிரில் இருக்க, ஐந்து பக்கத்தையும் தமிழில் சொல்லி முடித்தேன். அம்மா சேமலாப நிதியைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டார். ஒன்றுக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. கேட்டு வருகிறேன் என்றேன். பிறகு அவர் தன் பழைய கேள்விக்கு வந்தார்.

"முழுப்பேரு எப்ப?"

திகதியைச் சொன்னேன். அதை அவர் எனக்கே திருப்பிச் சொன்னார், நாள், மாதம், ஆண்டு.

"சரியா?" என்றார்.

"சரி."

"அப்ப போடு கையெழுத்தை. அன்னைக்கு நான் வேலைக்குப் போகல. ஒங்க ஒபிசுக்கு வந்து நிக்கிறேன், பேர் போடுறானுங்களான்னு பாக்க."