நஞ்சுண்டன் செருப்பைக் கழற்றிய வாசல்கள்

அமெரிக்காவில், டெக்சாஸின் காப்பெல் ஊரில் ஒரு குளத்தைச் சுற்றி எழுபது வீடுகள். பன்னிரண்டு வருடமாக அதில் ஒன்றில் குடியிருந்தும், அடுத்த வீட்டு அடுப்பு எந்தப் பக்கம் என்று நஞ்சுண்டனுக்குத் தெரியாது. எல்லாரும் நல்லவர்கள்தான். காருக்குள்ளிருந்து கையை ஆட்டுவார்கள், கராஜ் கதவு இறங்கிவிடும், அவ்வளவுதான். என்ன ஊரோ!

கோபிச்செட்டிபாளையத்துக்காரர். சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் அடுத்தவர் தப்பைக் கண்டுபிடித்தே இருபது வருடம் சம்பாதித்தவர். யாரிடமும் வாயைத் திறந்து ஒன்று கேட்டறியாத மனுஷன். அப்பேர்ப்பட்டவர் கையில் ஒரு தாளோடு வீடு வீடாக ஏறி இறங்கினார் என்றால், காரணம் மனைவி ராமாத்தாள்தான். மூட்டுவலி வந்ததிலிருந்து அவளால் குளத்தைப் பாதிக்கு மேல் சுற்ற முடியவில்லை. நடுவில் உட்கார ஒரு பெஞ்சு கிடையாது. நடையும் நின்றது, வழியில் நாலு முகம் பார்ப்பதும் நின்றது. பகலெல்லாம் அவள் ஜன்னலோரமே உட்கார்ந்திருந்தாள். பெஞ்சு வேண்டுமானால் நாற்பது வீட்டுக் கையெழுத்து கொண்டு வா என்றது குடியிருப்போர் சங்கம்.

முப்பத்தொன்பது சேர்ந்த அன்றைக்குத்தான் மகள் தீக்ஷா போனை நீட்டினாள். குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ வாசல் கேமரா படத்தைப் போட்டிருந்தார்கள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு பெல் அடிக்கும் நஞ்சுண்டன். யார் இந்த ஆள், போலீசுக்குச் சொல்லலாமா என்று கீழே ஏகப்பட்ட பேச்சு.

"வை டிட் யூ டேக் தெம் ஆஃப், அப்பா?"

அவருக்கே அப்போதுதான் உறைத்தது. ஏறின வாசலிலெல்லாம் அப்படித்தான் கழற்றியிருக்கிறார். கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர்கூட அவருக்காக ஒரு வார்த்தை எழுதவில்லை. அவமானம் பிடுங்கித் தின்றது. தாளை மடித்து டிராயரில் போட்டார்.

ராமாத்தாள் அதைப் பார்த்தாள். மறுநாளும் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

படத்தில் இருந்த வாசல் எதுவென்று அவருக்குத் தெரியும். குளத்தைப் பாதி சுற்றினால் வரும் வீடு. வயதான வெள்ளைக்கார அம்மாள் ஒருவர் தனியாக இருக்கிறார். அன்று பெல் அடித்தும் திறக்கவில்லை. தாளை எடுத்துக்கொண்டு நேரே அங்கே போனார். கால் தன்பாட்டுக்குச் செருப்பை உதறிவிட்டது. போய்த் தொலைகிறது என்று பெல்லை அழுத்தினார்.

கதவு ஒரு சாண் திறந்தது. அந்த அம்மாளும் அதையேதான் கேட்டார், செருப்பை ஏன் கழற்றுகிறீர்கள் என்று. நஞ்சுண்டன் தனக்கு வந்த இங்கிலீஷில் உள்ளதைச் சொன்னார்.

"நீங்க உள்ள வாங்கன்னு கூப்பிட்டா, அப்படியே வர்றதுக்குத்தாங்க."

அந்த அம்மாள் குனிந்து அவருடைய வெறுங்காலைப் பார்த்தார். பிறகு, தான் அந்தப் படத்தைப் போட்டது தப்பு என்றார். கணவர் போய் ஆறு வருடமாகிறது, அதற்கப்புறம் இந்த வாசலைத் தாண்டி யாரும் வரவில்லை என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டு, டீ குடிக்கலாம் வாருங்கள் என்று கதவை முழுசாகத் திறந்தார்.

நஞ்சுண்டன் உடனே உள்ளே போகவில்லை. ஒரு நிமிஷம் என்று விரலைக் காட்டிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போன் போட்டார்.

"ராமாத்தா, கெளம்பு. மெதுவா நடந்து வா. பாதி வழியில உக்கார எடம் கெடச்சிருச்சு."