ஊறிய நூல்

இது நடந்தது. நம்பாவிட்டால் போங்கள். அந்த டாக்டரும்தான் எதையும் நம்பவில்லை.

அவர் பெயரை எழுதி அவரைப் பெரிய ஆளாக்க மாட்டேன். தாராவியில் தகரக் கூரைக்குக் கீழே ஏசி போட்ட கிளினிக். கட்டிகளை அறுத்துத் தைப்பார். தானாகக் கரையும் நூல், பிரிக்க வர வேண்டாம் என்று பெருமை வேறு. ஒரு ஆளுக்கு ஒரு பாக்கெட் என்று அதன் மேலேயே போட்டிருக்கும். இந்த மேதை மிச்ச நூலை ஸ்பிரிட் பாட்டிலில் ஊறப்போட்டு அடுத்த ஆளுக்குத் தைப்பார்.

என் மனைவி சண்முகவடிவு ஜாக்கெட் தைப்பவள். நூலைக் கத்தரியால் வெட்டமாட்டாள். பல்லால் கடிப்பாள். கழுத்தில் இருந்த கட்டிக்காகப் போனபோது அந்தப் பாட்டிலைப் பார்த்துவிட்டாள்.

"ஊறுன நூலு இழுவ தாங்காதுல்லா, டாக்டர்?"

"நீ ஜாக்கெட்டத் தை. கழுத்த நான் தைக்கேன்."

நானும் சேர்ந்து சிரித்தேன்.

நான்காம் நாள் தையல் விட்டது. சீழ் ரத்தத்தில் கலந்தது. பதினோராம் நாள் அவள் இல்லை.

நாற்பது நாள் கழித்து அவளுடைய சிகிச்சைச் சீட்டை வாங்கப் போய், திரைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சனிக்கிழமை, மாலை 4.10. திரைக்குப் பின்னால் டாக்டர், கம்பவுண்டர் அபுதாஹிர், மணிக்கட்டில் கட்டியோடு பரீஹா என்ற பத்து வயதுப் பெண். அவ்வளவு பேர்தான். அந்த அறைக்கு வேறு வாசல் கிடையாது.

பாட்டில் மூடியைத் திருகும் சத்தம்...

எழுந்தேன். இந்தப் பிள்ளைக்காவது சொல்லிவிட வேண்டும். திரையை நோக்கி ஒரு அடி வைத்தேன்.

டிக்.

பதினெட்டு வருடம் என் வீட்டில் கேட்ட சத்தம்.

டாக்டர் நூலைத் திட்டினார். வேறு எடுத்தார்.

டிக்...

4.16. மூன்றாவது நூல்.

டிக்.

"புது பாக்கெட்டப் பிரி." டாக்டர் கம்பவுண்டரிடம் கத்தினார்.

பிறகு அந்த டிக் கேட்கவில்லை.

எட்டு நாள் கழித்து அபுதாஹிர் என் வீட்டுக்கு வந்தார். வேலையை விட்டுவிட்டாராம். அறுந்த துண்டுகளைத் தாளில் மடித்து வைத்திருந்தார். மூன்றின் நுனியும் நசுங்கியிருந்தது. பரீஹாவின் புண் நன்றாக ஆறிவிட்டதாம். கையைக் காட்ட வந்தவள் அவரிடம் கேட்டாளாம்:

"அன்னைக்கி டாக்டர் கைக்குக் கீழ குனிஞ்சு நூலக் கடிச்சாங்கள்லா, அந்த மாமி எங்க? அவங்க கழுத்து தொறந்தே கெடந்துச்சே. தச்சு விடலயா?"