‘தெரியாது’ என்று சொல்லிவிட்டேன்

இரண்டு வருடங்களுக்கு முன், பங்குனி மாதத்தில் ஒரு புதன்கிழமை காலை. காஞ்சிபுரத்திலிருந்து சென்னை ஏர்போர்ட்டுக்குக் காரில் போய்க்கொண்டிருந்தோம். என் கணவர் ஓட்ட, நான் பக்கத்தில். பின் சீட்டில் என் பள்ளித் தோழியின் அம்மா, மடியில் ஒரு துணிப்பையை இறுக்கிப் பிடித்தபடி. அந்த அம்மா தன் மகளை நேரில் பார்த்துப் பத்தொன்பது வருடம் ஆகியிருந்தது. அன்றைக்குப் பத்து மணி விமானத்தில் அவள் வந்து இறங்குகிறாள்!

எனக்கு முந்தின நாளிலிருந்தே கால் தரையில் பாவவில்லை. வீட்டை இரண்டு தடவை கழுவியாயிற்று. என் கணவர் தறிக்கு லீவு சொல்லிவிட்டு அவர் அண்ணன் காரை வாங்கி வந்திருந்தார். நான் வளவளவென்று பேசிக்கொண்டே வந்தேன். அம்மாவோ, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் மணி மட்டும் கேட்டார்.

என் தோழி ஏழு வயதில் இலங்கையிலிருந்து படகில் வந்தவள். எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரத் தொலைவில் இருந்த அகதிகள் முகாமில் வளர்ந்தாள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை பெஞ்சில் என் பக்கத்து இடம் அவளுடையது. பிறகு நார்வேயில் இருந்த உறவுக்காரருக்குக் கல்யாணம் செய்துகொடுத்தார்கள். அங்கேயும் முதலில் அகதி என்றுதான் பதிவு. குடியுரிமை கிடைக்கப் பல வருடம் ஆனது. அதற்குப் பிறகு இங்கே வர விசா கேட்டு, மூன்றாவது முறைதான் கிடைத்தது. அம்மாவுக்கோ பாஸ்போர்ட்டே கிடையாது; இன்னும் முகாமில்தான் இருக்கிறார். அவரால் போக முடியாது. இவள்தான் வர வேண்டும். விசா விண்ணப்பத்தில் தங்கும் இடம் என்று என் வீட்டு முகவரியையும் என் போன் நம்பரையும்தான் கொடுத்திருந்தாள்.

என்னைப் பற்றியும் ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். நான் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறேன். ஆதாரில் பெயர் தப்பா, பாஸ்போர்ட்டில் இனிஷியல் மாறிவிட்டதா, எல்லோரும் என்னிடம்தான் வருவார்கள். விண்ணப்பம் என்றால் என்னை ஏமாற்ற முடியாது என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு. அந்தச் சமயத்தில், போலீஸ் அதிகாரி என்று போனில் மிரட்டுகிற மோசடி ஊரெல்லாம் நடந்துகொண்டிருந்தது. என் கடைக்கு வரும் ரிட்டயர்டு டீச்சர் ஒருவரை அப்படித்தான் அரை நாள் வீடியோ காலில் உட்கார வைத்திருக்கிறார்கள். ‘தெரியாத அதிகாரி பேசினால் உடனே கட் செய்யவும்’ என்று நானே பெரிய எழுத்தில் அச்சடித்துக் கடையில் ஒட்டியிருந்தேன்.

ஸ்ரீபெரும்புதூர் தாண்டி, பாலம் வேலையால் வண்டிகள் ஒரு மணி நேரமாக ஊர்ந்துகொண்டிருந்தபோது, பத்தே முக்கால் வாக்கில் என் போன் அடித்தது. லேண்ட்லைன் நம்பர். ஒரு ஆண் குரல், ஏதோ ஆபீசிலிருந்து பேசுவதாக ஆங்கிலத்தில் ஆரம்பித்தது. எந்த ஆபீஸ் என்றது பக்கத்து லாரியின் ஹாரனில் எனக்கு விழவில்லை. அடுத்து என் பெயரையும் வீட்டு முகவரியையும் கதவு எண் வரைக்கும் தப்பில்லாமல் ஒப்பித்தார். எனக்கு அப்போதே சுருக்கென்றது. டீச்சருக்கும் இப்படித்தான் முகவரி சொன்னார்களாம். பிறகு வாயில் நுழையாத நீளத்துக்கு ஒரு பெயரைச் சொல்லி, “இவங்களை உங்களுக்குத் தெரியுமா மேடம்?” என்றார்.

“அப்படி யாரையும் எனக்குத் தெரியாதுபா. வேற ஆளைப் பாரு. இன்னொரு வாட்டி பண்ணா போலீஸ்ல சொல்லிடுவேன்” என்று கத்தினேன். கட் செய்தேன். அந்த நம்பரை பிளாக்கும் செய்தேன்.

“சூப்பர்மா! இவனுங்ககிட்ட இப்டித்தான் பேசணும்” என்றார் என் கணவர். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த டீச்சரின் கதையை அம்மாவுக்கு முழுக்கச் சொல்லி முடித்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா மெதுவாகக் கேட்டார்.

“அவன் ஆற்ற பேரைப் பிள்ளை சொன்னவன்?”

நான் சிரித்துக்கொண்டே, நினைவிலிருந்த அளவுக்கு, அந்த நீளப் பெயரைத் தப்பும் தவறுமாகச் சொன்னேன்.

அம்மா முன் சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எழுந்தே விட்டார். “ஐயோ, அது என்ர மகளின்ர பேரெல்லே!”

அப்படியானால் பேசியது மோசடிக்காரன் இல்லை, ஏர்போர்ட்டில் பாஸ்போர்ட் பார்க்கிற இமிக்ரேஷன் அதிகாரி! அவளுக்குப் பிறந்தபோது வைத்த பெயர் அதுதானாம். படகில் வந்து இறங்கிய அன்று, பதிவு எழுதியவர் பெயர் கேட்க, குழந்தை தன் செல்லப் பெயரைச் சொல்லியிருக்கிறது. முகாமில் அதுவே பதிந்துவிட்டது. பள்ளியிலும் அதே பெயர். நார்வேக்குப் போன பிறகு பிறப்புச் சான்றிதழின் நகலை எடுத்துப் பழைய பெயரிலேயே பாஸ்போர்ட் வாங்கியிருக்கிறாள். ஊருக்கெல்லாம் பாஸ்போர்ட் ஜெராக்ஸ் கேட்கிற நான், என் தோழியிடம் ஒரு தடவை கேட்கவில்லை. இத்தனை வருட சிநேகிதியின் முழுப்பெயர் எனக்குத் தெரியாது!

பிளாக்கை எடுத்து, அந்த நம்பருக்குத் திரும்பப் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. தோழியின் போன் அணைந்திருந்தது. நான் அழ ஆரம்பித்துவிட்டேன். அம்மா அழவில்லை. “தம்பி, கதைக்காமல் ஓடுங்கோ” என்று மட்டும் என் கணவரிடம் சொன்னார். அந்த மனுஷன் அன்றைக்கு ஓட்டின மாதிரி அதற்கு முன்னும் ஓட்டியதில்லை, பின்னும் ஓட்டியதில்லை. சந்து கிடைத்த இடமெல்லாம் நுழைந்தார்.

ஏர்போர்ட் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டை நெருங்கியிருந்தது. அதே விமானத்தில் வந்தவர்கள் எல்லோரும் போயிருந்தார்கள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். காவலுக்கு நின்றவர் இந்தியில் ஏதோ சொல்லி உள்ளே விட மறுத்துவிட்டார். பக்கத்தில் அந்த விமான கம்பெனியின் கவுண்ட்டர். அங்கிருந்த பெண்ணிடம் மூச்சிரைக்க எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு உள்ளே யாரிடமோ போனில் பேசினார்.

“உள்ள இமிக்ரேஷன்ல உக்கார வெச்சிருக்காங்க மேடம். அட்ரஸ்ல இருக்கிறவங்களே தெரியாதுன்னுட்டாங்களாம். க்ளியர் ஆகலைன்னா ஒண்ணு இருபது பிளைட்ல திருப்பி அனுப்பிடுவாங்க. உங்க நம்பரைக் குடுத்திருக்கேன், கூப்பிடுவாங்க.”

ஒன்று இருபது! இன்னும் ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. பத்தொன்பது வருடம் காத்திருந்த தாய்க்கும் மகளுக்கும் நடுவே ஒரு கண்ணாடிச் சுவர்தான். அதிலும் நான் போட்ட பூட்டு.

போன் அடித்தது. அதே குரல்.

“என்ன மேடம், போலீஸ்ல சொல்லிட்டீங்களா?”

“சார், தப்பு என் மேலதான் சார். அவ என் கூடப் படிச்சவ. அவளோட அம்மா இங்க நின்னுக்கினு இருக்காங்க சார்.” அவரைப் பேசவே விடாமல் நானே பேசினேன். அவர் கோபப்படவில்லை. ஆனால் இறங்கியும் வரவில்லை. பாஸ்போர்ட்டில் ஒரு பெயர். இங்கிருந்து போனபோது இருந்த பழைய பதிவில் வேறு பெயர். இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்.

அந்தக் கேள்வியைக் கேட்டதும் என் அழுகை நின்றுவிட்டது. இதுதானே நான் தினமும் பார்க்கிற வேலை! “அம்மா, அவ பேப்பர் ஏதாவது உங்ககிட்ட இருக்குதா?” என்றேன். அம்மா துணிப்பையைத் திறந்தார். மகளுக்குச் செய்துகொண்டு வந்த புட்டு டப்பாவுக்கு அடியில், பாலிதீன் தாளில் சுற்றி, அவர் குடும்பத்தின் எல்லாக் காகிதங்களும் இருந்தன. “முகாமை விட்டு வெளிக்கிட்டால் இதுகளை விட்டிட்டுப் போறேல்லை பிள்ளை” என்றார்.

பிறப்புச் சான்றிதழில் நீளப் பெயர். முகாமின் குடும்ப அட்டையில் செல்லப் பெயர், ஏழு வயது போட்டோவோடு. இரண்டிலும் பிறந்த தேதி ஒன்று, அம்மா பெயர் ஒன்று. இது போதும்! கவுண்ட்டர் பெண்ணிடம் ஒரு வெள்ளைத் தாள் வாங்கினேன். இந்த இரண்டு பெயரும் ஒரே நபரைக் குறிப்பவை என்று நான் நூற்றுக்கணக்கில் அடித்துக் கொடுத்த அதே வாசகத்தைக் கையால் எழுதினேன். அம்மா கையெழுத்துப் போட்டார். சாட்சியாக நானும் போட்டேன். ‘முதலில் தெரியாது என்று சொன்னது என் தவறு’ என்று கீழே ஒரு வரியும் சேர்த்தேன். எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, அதிகாரி சொன்ன மெயிலுக்கு அனுப்பியபோது மணி பன்னிரண்டு நாற்பது.

பிறகு காத்திருந்தோம். மணி ஒன்று ஆனது. ஒன்று பத்தும் ஆனது. கதவு திறக்கும்போதெல்லாம் நான் குதித்தேன். என் கணவர் வெளியே வருகிற ஒவ்வொருவரிடமும் “உள்ள யார்னா லேடி இருக்காங்களா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்று இருபதும் ஆகிவிட்டது. அம்மா பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

ஒன்று முப்பத்தைந்துக்குக் கதவு திறந்தது. தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு, முன்முடி நரைத்து, கண்ணாடி போட்டு, ஒருத்தி வந்தாள். எனக்கு அடையாளம் தெரிய ஒரு நொடி ஆனது. அம்மாவுக்கு அதுகூட ஆகவில்லை. மூட்டு வலியால் படி ஏற முடியாதவர் ஓடினார். இருவரும் கட்டிக்கொண்டு நின்றார்கள். தள்ளுவண்டி தானாக உருண்டு போக, என் கணவர் துரத்திப்போய்ப் பிடித்தார். கவுண்ட்டர் பெண் எழுந்து நின்று கைதட்டினார். நான் கத்திய கத்தலில் அந்த வாசலே திரும்பிப் பார்த்தது!

காரில் வரும்போது அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். ‘அந்த வீட்டுக்காரிக்கு உன்னைத் தெரியாதாம்’ என்று அவர்கள் சொன்னபோது என்ன நினைத்தாய் என்றும் கேட்டேன்.

“நீ என்னத்துக்கோ பயந்திட்டாய் எண்டு நினைச்சன். வேற ஒண்டும் நினைக்கேல்லை” என்றாள் புட்டைச் சாப்பிட்டபடி. “எந்த ஏர்போட்டிலயும் என்னை ஒருக்காத் தனியா இருத்தி வைப்பினம். பாஸ்போட் மாறிட்டுது, பிறந்த இடம் மாறேல்லைத்தானே. அதுக்கெண்டே ரெண்டு மணித்தியாலம் கூட வைச்சுத்தான் எப்பவும் டிக்கெட் போடுறனான்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் உலகத்தில் எங்கே போனாலும் என்னைத் தெரியும் என்று சொல்ல ஆள் தேட வேண்டியதில்லை என்பது அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

அந்த மூன்று வாரம் என் வீடு திருவிழாவாக இருந்தது. அதை எழுதினால் தனிக் கதையாகும். கடையில் ஒட்டியிருந்த நோட்டீஸை நான் கிழிக்கவில்லை, மோசடி இன்னும் இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் இப்போதெல்லாம் தெரியாத நம்பரிலிருந்து யாராவது ஒரு பெயரைச் சொல்லிக் கேட்டால், எந்த ஆபீஸ் என்று திருப்பிக் கேட்டு எழுதிக்கொள்கிறேன். ஏதோ ஓர் அறையில் ஒருத்தி, என் வாயிலிருந்து வரப்போகும் ஒரே ஒரு சொல்லுக்காகப் பெட்டியோடு உட்கார்ந்திருக்கலாம்.